விருந்துக்கு வந்த நுரைக்கொல்லி

பெயிண்ட் தொழிற்சாலையில் அவருக்கு நுரைக்கொல்லி என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பெயிண்டில் ஒரே ஒரு குமிழி தப்பிப் பிழைத்தாலும், சுவரில் பூசிக் காய்கிறபோது அது வெடித்து, ஊசியால் குத்தியதுபோல ஓட்டை விழும். ஓட்டைக்குள் ஈரம் போகும். ஈரம் போனால் பெயிண்ட் உரியும். உரிந்ததைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்பார். ஆகையால் முப்பத்தொரு வருடமாக ஆய்வுக்கூடத்தில் அவர் பார்த்த வேலை, குமிழி எங்கிருந்தாலும் தேடிப் பிடித்து ஒழிப்பது. ஓய்ந்த நேரத்தில் நிறம் பார்ப்பார். ஒரே எண் போட்ட இரண்டு வாளியில் ஒன்று துளி வெளிறியிருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய், ஆண்டுக் கடைசி விடுமுறை விருந்தில் முப்பது பேருக்குக் குமிழி பொங்கும் ஸ்பார்க்ளிங் வைனில் காக்டெயில் கலந்து கொடுங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவருக்குத்தான் தெரியவில்லை. பின்னால் தன்னைத் தானே விசாரித்தபோது, "இது உமக்கு முன்கூட்டியே தெரிய வாய்ப்பு இருந்ததா?" என்று கேட்டு, "தாராளமாக இருந்தது" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். தன்னை எதிரில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வது அவருடைய பழைய வழக்கம். அடுத்தவர்கள் செய்தால் கோபம் வரும் என்பதால் முந்திக்கொள்வார்.

செய்தி கொண்டுவந்தவர் மனைவி. நீதிமன்றத்தில் தட்டச்சர். இருபத்தெட்டு வருடம் அடுத்தவர்கள் சொன்ன பொய்களை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்தவர். ஒரு திங்கட்கிழமை காலை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க பொண்ணு அவ பார்லர்ல பார்ட்டி வச்சிருக்கா. டிரிங்க்ஸ் மட்டும் அப்பா கலந்து குடுத்தா நல்லா இருக்கும்னு சொன்னா" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பி பாதித் தொண்டையில் நின்றது. மகள் அவரிடம் எதையும் கேட்டு நாலு வருடம் ஆகிறது. பேச்சு இல்லாமல் போய்விடவில்லை. "சாப்பிட்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா", "அம்மாகிட்ட குடுங்க" என்ற மூன்று வாக்கியங்களும் வாரம் ஒருமுறை தவறாமல் போனில் வந்தன. நாலாவது வாக்கியம்தான் இல்லை.

காரணம் அவருடைய வாய். மகள் இரண்டு வருடம் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்தவள். நல்ல கண் அவளுக்கு. ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு, முடிக்குச் சாயம் போடும் தொழிலைக் கற்றுக்கொள்ளப் போனாள். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் உள்ளே சேர்த்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த அன்று, சம்பந்தியம்மா ஒரு மரியாதைக்கு, பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரித்தார். "என் வேலையேதாங்க. நான் சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறேன், இவ தலைக்கு அடிக்கிறா. சுவரு திருப்பிக் கேள்வி கேக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் இவர். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. மகள் கையிலிருந்த தட்டைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது பாம்பு வந்து கதை முடிந்துவிடும். இவருக்கு எதுவும் வந்து முடித்து வைக்கவில்லை. கல்யாணம் நடந்தது, எல்லாப் படத்திலும் அவர் இருக்கிறார். பார்லர் திறந்தபோது அழைப்பு மனைவி கையில் வந்தது. நேரில் ஒரு வார்த்தை சொன்னால் போவோம் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை, இவர் போகவில்லை. அந்தத் தெருவழியாகப் போக வேண்டி வந்தால் அடுத்த தெருவில் சுற்றிக்கொண்டு போவார். இதற்குத் தன்மானம் என்று பெயர் வைத்திருந்தார். மனைவி வைத்த பெயர் வேறு.

அதனால்தான் காப்பி தொண்டையில் நின்றது. நாலு வருடம் கழித்து மகளே வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் அந்தக் கடைப் படியை இனி எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். சொதப்பினால், அவளுடைய ஆட்கள், அவளுடைய வாடிக்கையாளர்கள், அதே சம்பந்தியம்மா என்று எல்லார் முன்னாலும் இரண்டாவது தடவை அவளைத் தலைகுனிய வைத்த அப்பன் ஆவார். மூன்றாவது தடவைக்கு அவள் வாய்ப்புக் கொடுக்க மாட்டாள். அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது.

அன்று மாலையே ஒரு பாட்டில் வைனும் மாதுளை, ஆரஞ்சு, இஞ்சியும் வாங்கி வந்தார். செய்முறை போனிலேயே கிடைத்தது. மொத்தம் நாலு வரி. பழச்சாறையும் இஞ்சி சிரப்பையும் கோப்பையில் ஊற்ற வேண்டும், குளிர்ந்த வைனைக் கடைசியில் மெதுவாகச் சேர்க்க வேண்டும், கலக்கக் கூடாது.

கலக்கக் கூடாதாம் என்று மனைவியிடம் படித்துக் காட்டிச் சிரித்தார். கலக்காமல் விட்டால் அடியில் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். முப்பது கோப்பையைத் தனித்தனியாக ஊற்றினால் முப்பது நிறம். நிறத்தை வைத்துப் பிழைக்கிற பெண்ணின் விருந்தில் அப்பன் இப்படியா கொண்டுபோய் வைப்பது? இந்தக் குறிப்பு விளையாட்டாகச் செய்கிறவர்களுக்கு எழுதியது, தொழில் தெரிந்தவனுக்கு அல்ல என்று முடிவு கட்டினார். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஒரே பேட்ச்சாகக் கலந்து எடுத்துப்போவது என்று தீர்மானமாயிற்று. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்குக்கூடக் கரையில் நிற்கும்போது கொஞ்சம் பயம் இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை.

திங்கள் முதல் வியாழன் வரை பதினான்கு சாம்பிள் போட்டார். ஒவ்வொன்றும் கால் டம்ளர். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மாதுளையை ஒரு ஸ்பூன் கூட்டி, ஆரஞ்சை அரை ஸ்பூன் குறைத்து, நோட்டில் எழுதி வைத்தார். அவர் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்ததை, வீணாகப் போகக் கூடாது என்று மனைவி குடித்தார். நல்லாத்தான் இருக்கு என்பார். வியாழன் மாலை பதினாலாவது சாம்பிளுக்கு, அபாரம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, நாற்காலியிலேயே தூங்கிப் போனார். பதினாலு சாம்பிளையும் இவர் போட்டது திங்கட்கிழமை திறந்த அந்த ஒரே பாட்டிலில். திறந்து நாலு நாளான வைனில் குமிழி ஏது? உலகத்திலேயே தட்டையான வைனுக்கென்று தனியாக ஒரு செய்முறையை அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடுப்படி மேடையைத் துடைத்து, குழாய் வைத்த இருபது லிட்டர் எவர்சில்வர் டிரம்மைக் கழுவிக் காயவைத்து, பழச்சாறுகளை அளந்து ஊற்றினார். முந்தின நாள் வாங்கி வைத்திருந்த பத்து பாட்டில் வைனையும் துண்டைப் போட்டு மூடி, ஒவ்வொன்றாகத் திறந்தார். சத்தம் வந்ததா, வந்தது. வைன் சீறிக்கொண்டு இறங்கியதா, இறங்கியது. இளஞ்சிவப்பாக நுரை பொங்கி டிரம்மின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. அவர் நீளக் கரண்டியை எடுத்தார்.

அந்த நேரத்தில் அவருடைய மனம் டிரம்மில் இல்லை. மகளைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. கடை நல்லா இருக்கும்மா என்று ஆரம்பிக்கலாம். உள்ளே நுழையும் முன்பே சொன்னால் பொய் என்று தெரிந்துவிடும், நாலு சுவரையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொன்னது தப்பு என்பதை எங்கே சேர்ப்பது? முதலிலேயே சொன்னால் விருந்து கெடும், கடைசியில் சொன்னால் கிளம்புகிற அவசரத்தில் சொன்ன மாதிரி இருக்கும். இப்படி அவர் யோசித்துக்கொண்டிருக்க, கைகள் பாட்டுக்கு முப்பத்தொரு வருடமாகத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. பாத்திரத்தின் சுவரை ஒட்டி, அவசரமில்லாமல், ஒரே திசையில் கலக்கின. கால் மணி நேரம் கலக்கி, கால் மணி நேரம் ஆறவிட்டன. டிரம்மின் பக்கங்களில் உள்ளங்கையால் தட்டி, ஒட்டிக்கொண்டிருந்த குமிழிகளை மேலே வரவழைத்தன. மெல்லிய துணியில் ஒருமுறை வடிகட்டி, சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் வடிகட்டின. பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கின.

பதினொரு மணிக்குக் குனிந்து பார்த்தார். மேற்பரப்பு கண்ணாடியாக இருந்தது. அவருடைய முகம், முன் வழுக்கை, மேலே எரிந்த விளக்கு எல்லாம் அதில் தெரிந்தன. நெஞ்சு நிறைந்தது. தொழிற்சாலையில் செய்வதுபோலவே ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, தேதி போட்டு, வரிசையாக எழுதினார். நிறம்: சரி. கட்டி: இல்லை. தூசு: இல்லை. நுரை: இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு டிரம்மில் ஒட்டினார். ஒட்டிய இடத்தை விரலால் தேய்த்துச் சமப்படுத்தும்போது கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வந்து பார்த்தபோது பத்து காலி பாட்டில்களுக்கு நடுவில், யார் வீட்டிலோ எழவு விழுந்ததுபோல உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவி காகிதத்தைப் படித்தார், டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கிருந்து கொஞ்ச நேரம் ஒரு மாதிரியான சத்தம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர், போய் அவளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்றார்.

அவர் மறுத்துவிட்டார். பாட்டிலில் கோளாறு, கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்லலாம் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனைவி சொன்னார். அவர் அதைக் காதில் வாங்காமல் காரை எடுத்துக்கொண்டு பாட்டில் கடைக்குப் போனார். விடுமுறை, பூட்டு தொங்கியது. இரண்டாவது கடையிலும் பூட்டு. திறந்திருந்தது ஒரு மருந்துக்கடை மட்டும். அங்கே இரண்டு பாட்டில் சோடா கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளரில் பாதிக்குப் பாதி ஊற்றிப் பார்த்தார். குமிழி வந்தது. குடித்துப் பார்த்தால் இருமல் மருந்துப் புட்டியை யாரோ கழுவி ஊற்றிய ருசி. மனைவியிடம் நீட்டினார். நாலு நாளாக எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்று குடித்த அந்த மனுஷி, மோந்து பார்த்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

பன்னிரண்டரைக்குக் கிளம்பியாக வேண்டியிருந்தது. டிரம்மைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்தார்கள். வழி முழுக்க அவர் கடைக்காரன் பொய்யை ஒத்திகை பார்த்தார். முதல் தடவை கொஞ்சம் இழுத்தது, மூன்றாவது தடவை அவருக்கே அந்தக் கடைக்காரன் மேல் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் மனைவி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பார்லர் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் நீள மேசை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். மூன்று பக்கச் சுவரிலுமாக ஆள் உயரக் கண்ணாடி எட்டு. மாப்பிள்ளை, லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வாசலிலேயே ஓடி வந்து, குடுங்க மாமா என்று டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, எட்டுக் கண்ணாடியிலும் எட்டு நுரைக்கொல்லிகள் அசடு வழியத் தன்னை நோக்கி வருவதைக் கண்டார். ஒருவன் செய்த தப்புக்கு இத்தனை பேர் வந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

வாங்க சம்பந்தி என்று எழுந்து வந்தார் சம்பந்தியம்மா. அவருடைய முடியைப் பார்த்ததும் இவர் பதில் சொல்ல மறந்தார். செம்புக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம். வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராக, காதோரத்து மெல்லிய முடியில்கூடப் பிசிறு இல்லாமல் இருந்தது. தொழில் புத்தி குறை தேடிக்கொண்டு தலையைச் சுற்றி வந்தது. ஒன்றும் அகப்படவில்லை. சம்பந்தியம்மா கூச்சத்தோடு முடியைத் தொட்டுக்கொண்டு, எல்லாம் உங்கள் பெண்ணின் கைவேலை என்றார். "நல்லா இருக்குங்க" என்றார் இவர்.

மகள் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கப்பா, டிரம்மை இங்க கொண்டாந்துடுங்க" என்றாள். கறுப்பு ஏப்ரன் கட்டியிருந்தாள், விரல் நுனிகளில் போகாத சாயம். மாப்பிள்ளை டிரம்மை மேடைமேல் வைத்துவிட்டு நாற்காலி எடுக்கப் போய்விட்டார். அது அவள் சாயம் கலக்கும் அறை. ஒரு பக்கம் தலை அலசும் தொட்டிகள் இரண்டு, இன்னொரு பக்கம் அலமாரி. அலமாரியில் சாய டியூப்கள் வெளிறலிலிருந்து கருமை வரை எண் வரிசையில் நின்றன. கீழே குட்டித் தராசு. அதன் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய அட்டைகள். மகள் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஓர் அட்டையை உருவிப் பார்த்தார். யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு எந்த எண்ணில் எத்தனை கிராம், எந்தத் தேதி, எத்தனை நிமிடம் ஊறியது, போன தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு வித்தியாசம் எல்லாம் எழுதியிருந்தது. ஓரத்தில், "இடது பக்கம் சீக்கிரம் பிடிக்கும், கடைசியில் பூசு" என்று ஒரு குறிப்பு. முப்பத்தொரு வருடத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு கவனமாக ஒருவரும் அட்டை எழுதியதில்லை, அவரும் எழுதியதில்லை. தலைக்குப் பெயிண்ட் அடிக்கிறாள் என்று இந்தப் பெண்ணைத்தான் சொன்னார். வெட்கம் பிடுங்கித் தின்றது. காரில் வழி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த கடைக்காரன் அந்த இடத்திலேயே காணாமல் போனான்.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றார். "பாட்டில்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் கெடுத்துட்டேன். கலக்கிக் கலக்கி நுரை மொத்தத்தையும் எடுத்துட்டேன்."

மகள் துணியைக் கீழே வைத்தாள். டிரம்மில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கடைசி வரிவரை படித்தாள். குழாயைத் திறந்து ஒரு கோப்பையில் கொஞ்சம் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இரண்டு வருடம் அவரிடம் வேலை பார்த்தவள் அல்லவா?

"பக்கத்துல தட்டினீங்களா?"

தட்டினேன் என்று தலையாட்டினார்.

"வடிகட்டினீங்களா?"

"ரெண்டு தடவை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தாங்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவரும் சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, நமக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை என்று வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும், நாலு வருடம் கழித்து நீ என்னிடம் கேட்ட முதல் வேலை, அதையும் இப்படிச் செய்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார்.

மகள் நிமிர்ந்தாள். "நான் எங்கப்பா கேட்டேன்? நீங்களா வந்து, நானே கலந்து எடுத்துட்டு வர்றேன்னு சொன்னதா அம்மா சொன்னாங்க."

இரண்டு பேரும் கதவு வழியாக வெளியே பார்த்தார்கள். நீதிமன்றத் தட்டச்சர் அங்கே ஓர் அலமாரி முன்னால் நின்று நகப்பூச்சுப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரிப் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆக, மகள் கேட்கவே இல்லை. கேட்டாள் என்று நினைத்துக்கொண்டு பதினாலு சாம்பிள் போட்டவர் இவர். சரி, இப்போது என்ன செய்யலாம், எல்லாருக்கும் பழச்சாறு என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டார். மகள் தலை அலசும் தொட்டிக்குப் போய், அதன்மேல் விரித்திருந்த துண்டை எடுத்தாள். தொட்டி நிறையப் பனிக்கட்டி. பனிக்கட்டிக்குள் கழுத்து வரை புதைந்து எட்டு பாட்டில் ஸ்பார்க்ளிங் வைன் இருந்தது.

பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. பிறகு, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டினார். அப்பனைப் பற்றித் தெரிந்த பிள்ளை. மாற்று ஏற்பாடு இல்லாமல் இருக்குமா?

"நான் கெடுத்துடுவேன்னு முன்னாடியே தெரிஞ்சு வாங்கி வச்சியா?" என்றார், லேசாகச் சிரித்துக்கொண்டே.

"கெடுப்பீங்கன்னு இல்லப்பா" என்றாள் மகள், ஒரு பாட்டிலை உருவித் துடைத்தபடி. "வரமாட்டீங்கன்னு."

அவருடைய சிரிப்பு நின்றது. மகள் அவர் முகத்தைப் பார்க்காமல், என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். கலவையைக் கொட்ட வேண்டாம், ருசி நன்றாகத்தான் இருக்கிறது, கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அதைப் பிடியுங்கள், மேலே நான் புதிதாக ஊற்றுகிறேன் என்றாள். கரண்டியை அவர் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்தாள். அவர் குழாயைத் திறந்து பிடித்தார், அவள் கோப்பையைச் சாய்த்து ஊற்றினாள். சர்ரென்று குமிழி கிளம்பி மேலே வந்தது. அதை அடக்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டார். முதல் கோப்பை ஒரு சிவப்பு, இரண்டாவது வேறு சிவப்பு. அதையும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தமும் வருகிறவர்களின் பேச்சும் கேட்டன.

பத்துப் பன்னிரண்டு கோப்பை ஆகியிருக்கும். எப்போது சொல்வது, முதலிலா கடைசியிலா என்ற ஒத்திகையெல்லாம் மறந்து, குழாயைத் திருகிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். "அன்னைக்கு அவங்க முன்னாடி உன் வேலையைப் பத்தி நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுடு."

மகள் ஊற்றுவதை நிறுத்தினாள். "இந்த ரூமைப் பார்த்ததுக்கு அப்புறம் தோணுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். அவளும் அதற்கு இடம் கொடுத்துத்தான் கேட்டாள். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பொய்யைக் கைவிட்டாயிற்று. இன்னொன்றைப் புதிதாகத் தொடங்க அவருக்குத் தெம்பு இல்லை.

"இல்லம்மா. மறுநாள் காலையிலயே தெரியும்."

அவள் பாட்டிலை மேடைமேல் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை அறை வாசலில் வந்து, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"அப்ப மறுநாளே வந்திருக்கலாமேப்பா" என்றாள்.

எதற்கும் தன்னைப் பற்றி ஒரு கேலி கைவசம் வைத்திருக்கிற மனிதர், தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வந்திருக்கலாம்தான் என்று தலையை மட்டும் ஆட்டினார்.